எட்டு வருஷம்... ஒரே ராத்திரி!

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலம் போகிற ஆசாமியா நீங்கள்? சென்னையிலிருந்து பஸ்ஸிலா? அப்படியானால் செஞ்சிக் கோட்டையைக் குறைந்தது பத்து தடவையாவது தாண்டியிருப்பீர்கள். ஆனால், பார்த்திருக்க மாட்டீர்கள். திண்டிவனத்தில் குடித்த டீ வேலை செய்யாமல், பக்கத்து சீட்காரர் தோளைத் தலையணையாக்கித் தூங்கியிருப்பீர்கள். அவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்திருப்பார்.

அடுத்த தடவை திண்டிவனம் தாண்டி அரை மணி நேரத்தில் முழித்துக்கொள்ளுங்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டை விட்டு பஸ் மேற்கே திரும்பியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மலை வரும். மலை என்றால் பச்சைப் பசேல் ஊட்டி மலை இல்லை. யாரோ ஒரு ராட்சசன் பாறாங்கல்லை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, 'அப்புறம் அடுக்கிக்கலாம்' என்று போய்விட்ட மாதிரி இருக்கும். வலது பக்கம் கிருஷ்ணகிரி. ஊர் ஜனங்களுக்கு அது ராணிக்கோட்டை. இடது பக்கம் ராஜகிரி, அதாவது ராஜாக்கோட்டை. இன்னும் தெற்கே தள்ளி சந்திரகிரி. சந்திராயன் துர்க்கம் என்றும் சொல்வார்கள். இந்த மூன்று மலையையும் இணைத்து சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மதில். உள்ளே அடைபட்டிருக்கும் இடம் கிட்டத்தட்ட 11 சதுர கிலோமீட்டர். நம் பஸ் அதன் நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது.

நான் இறங்கினேன். கூடவே அனந்தபுரத்து வாத்தியார். செஞ்சிக்குத் தெற்கே இருக்கும் சின்ன ஊர் அனந்தபுரம். ரிட்டயராகிப் பல வருஷம் ஆன தமிழ் வாத்தியார், எழுபது தாண்டியவர். இந்தக் கோட்டையை எத்தனை தடவை ஏறியிருப்பீர்கள் என்று கேட்டால், "உங்களுக்கு எத்தனை தடவை சாப்பிட்டீங்கன்னு கணக்கு இருக்கா தம்பி?" என்று திருப்பிக் கேட்கிற ரகம்.

ராஜகிரி 800 அடி உயரம். 'ப்பூ, 800 அடிதானே' என்று நினைக்கிற இளைஞர்கள் ஆயிரத்தைத் தாண்டும் படிகளில் முதல் இருநூறு முடிந்ததும் என்ன நினைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு முன்னால் சென்னை ஐ.டி. கம்பெனிப் பையன்கள் ஐந்து பேர் 'ரேஸ்' என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். கமலக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து, அம்மனுக்கு வேண்டுதல் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் அவர்களை ஒரே சீரான நடையில் தாண்டிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவர்களுக்கு ரொம்ப அவமானமாக இருந்தது.

இந்தக் கோட்டையைக் கட்டினவன் மூளை எப்படி வேலை செய்தது என்று ஏறும்போதுதான் புரிகிறது. கீழே மதில் சில இடங்களில் 60 அடி கனம். இரண்டு பக்கமும் கல், நடுவே மண். வெளியே 80 அடி அகலத்துக்கு அகழி. அதைத் தாண்டி ஒருத்தன் உள்ளே வந்துவிட்டான் என்று வையுங்கள். அவனுக்கு எதிரே நேர்வழி கிடையாது. வளைந்து வளைந்து போகும் பாதை, திரும்பின இடமெல்லாம் ஒரு வாசல். ஒவ்வொரு திருப்பத்திலும் தலைக்கு மேலே யாரோ நிற்பதற்குத் தோதான ஒரு சுவர். கீழே வருபவனுக்கு மேலே இருப்பவன் தெரிய மாட்டான், மேலே இருப்பவனுக்குக் கீழே வருபவனின் தலைப்பாகை நிறம்கூடத் தெரியும்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது முக்கியமான சமாசாரம். மலையே அங்கே இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஏழெட்டு மீட்டர் அகலம், எட்டிப் பார்த்தால் வயிற்றில் ஏதோ செய்கிற ஆழம். யாரும் வெட்டினதில்லை. இயற்கையே போட்ட அகழி. அதன் மேல் ஒரு மரப்பாலம் இருந்தது. வேண்டாத விருந்தாளி வந்தால் பாலத்தை எடுத்துவிட வேண்டியது, அவ்வளவுதான். பத்து பேர் நின்றால் பத்தாயிரம் பேரைத் தடுக்கலாம். இப்போது அந்த இடத்தில் கைப்பிடியோடு நிரந்தரப் பாலம் இருக்கிறது. அதன் மேல் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களைத் தடுக்கத்தான் பத்து பேர் தேவைப்படுகிறது.

"தண்ணி? மேல இருக்கிறவன் தாகத்துல சாவமாட்டானா?" என்றேன்.

"அங்கதான் தம்பி விஷயமே" என்றார் வாத்தியார். உச்சிக்குப் பக்கத்தில் வற்றாத சுனைகள். கொஞ்சம் கீழே மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கக் குளங்கள். அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம், யானைக்குளம். கல்யாண மஹால் என்று ஒரு கட்டடம் இருக்கிறதே, சதுர முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காகக் கோபுரம் மாதிரி எழும்பி நிற்குமே, அதன் மாடிக்குச் சுட்ட மண் குழாய் வைத்துத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருந்து, காலை ஆறு மணிக்கு மோட்டார் போடச்சொல்லிக் கத்துகிற நாம் அதன் முன்னால் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பது நல்லது. நெல்லுக்குக் கீழேயும் களஞ்சியம், மேலேயும் களஞ்சியம். ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபம் அளவு. குதிரைக்குத் தனி, யானைக்குத் தனி, பீரங்கிக்குத் தனி இடம்.

இப்படி ஒரு கோட்டையை யாராவது பிடிக்க முடியுமா?

பிடித்தார்கள். ஒருத்தர் இல்லை, வரிசையாகப் பிடித்தார்கள். ரயில்வே வெயிட்டிங் ரூம் நாற்காலி மாதிரி ஒருத்தர் எழுந்ததும் அடுத்தவர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆரம்பம் ஒரு கோனார் குடும்பம். 1190 வாக்கில் ஆனந்தக் கோன் என்பவர் ராஜகிரியில் கோட்டை எழுப்பினார், அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோன் எதிர் மலையில் கட்டினார் என்பது ஊர் வரலாறு. அப்புறம் விஜயநகரம், அவர்களின் பிரதிநிதியாக வந்த நாயக்கர்கள். இன்று நீங்கள் நிமிர்ந்து பார்க்கிற பிரம்மாண்டத்தில் பெரும்பங்கு நாயக்கர்கள் கைவேலை. 1597இல் பிமென்டா என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் இங்கே வந்தார். வாயடைத்துப் போய், 'எங்கள் நாட்டில் லிஸ்பனை விட்டால் இவ்வளவு பெரிய ஊர் கிடையாது' என்கிற அர்த்தத்தில் எழுதி வைத்திருக்கிறார். லிஸ்பன் இன்றைக்கும் லிஸ்பனாக இருக்கிறது. நம் ஆள் கண்ட அந்த செஞ்சி நகரம் இருந்த இடத்தில் இப்போது வேர்க்கடலை, நெல்.

1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677இல் சிவாஜி வந்தார். அவர் மலை ஏறிச் சண்டை போட்டதாகத்தான் நாமெல்லாம் கற்பனை செய்வோம். நடந்தது பேரம். கோட்டையை வைத்திருந்த பீஜப்பூர் தளபதிக்குப் பணமும் நிலமும் தருவதாகப் பேசி முடித்தார்கள். கத்தி உறையை விட்டு வெளியே வந்ததோ இல்லையோ, சாவி கைக்கு வந்துவிட்டது. வந்ததும் சிவாஜி சும்மா இருக்கவில்லை. புது மதில், புது அரண் என்று இடித்துக் கட்டினார். அந்த வேகத்தைப் பார்த்து ஏசு சபைப் பாதிரியார்கள் ஆச்சரியப்பட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

அவர் போட்ட செலவு மகனுக்கு உதவியது. 1689இல் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றுவிட்டார். இளைய மகன் ராஜாராம், லிங்காயத்து யாத்திரிகர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு பன்ஹாலாவிலிருந்து தப்பினார். வழியில் கேளடி ராணி சென்னம்மா உதவி செய்ய, அந்த வருஷக் கடைசியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த எட்டு வருஷம் மராட்டிய ராஜ்யத்தின் தலைநகர் இந்தப் பாறைக் குவியல்தான். நம்ப முடிகிறதா? பிற்காலத்தில் ஔரங்கசீப்பையே ஆட்டிவைத்த தாராபாய், ராஜாராமின் மனைவி. அவள் பெற்ற பிள்ளை, இரண்டாம் சிவாஜி, 1696இல் செஞ்சியில் பிறந்தவன். அதாவது, செஞ்சித் தண்ணீர் குடித்து வளர்ந்த மராட்டிய ராஜா ஒருவர் உண்டு.

விரட்டிக்கொண்டு வந்தவர் மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான். 1690இல் கோட்டையைச் சுற்றி வளைத்தார். முடித்தது 1698 ஜனவரியில்.

"ஏழு வருஷத்துக்கு மேல என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?" என்று கேட்டேன்.

வாத்தியார் சிரித்தார். "நீங்க ஆபீஸ்ல வேலை பாக்கறவர்தானே? உங்களுக்குத் தெரியாதா?"

தெரிந்தது. பீம்சேன் என்று ஒருத்தர். மொகலாயப் படையில் இருந்த தல்பத் ராவ் என்ற பந்தேலா தளபதியின் காரியதரிசி. முற்றுகை நடந்த இடத்திலேயே இருந்தவர். அவர் பாரசீக மொழியில் எழுதி வைத்த நினைவுக் குறிப்பில் சாவகாசமாகப் போட்டு உடைத்திருக்கிறார். ஜுல்பிகர் கான் நினைத்திருந்தால் வந்த அன்றைக்கே பிடித்திருக்கலாம், ஆனால் வேலையை இழுத்தடிப்பது தளபதிகளின் வழக்கம் என்று! யுத்தம் நடக்கிறவரை தளபதிக்குப் படை உண்டு, பணம் உண்டு, அதிகாரம் உண்டு. முடிந்துவிட்டால் டெல்லி பாதுஷாவின் தர்பாரில் கை கட்டி நிற்க வேண்டும். எந்த ஊர் மேம்பாலம் எத்தனை வருஷமாக முடியாமல் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பீம்சேன் உங்களுக்கு நெருங்கின சிநேகிதராகிவிடுவார்.

நடுவில் கூத்து வேறு. பாதுஷாவின் சொந்தப் பிள்ளை இளவரசன் காம்பக்ஷ் மேற்பார்வைக்கு வந்தான். வந்தவன், கோட்டைக்குள் இருந்த எதிரிகளோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தான். விஷயம் தெரிந்து, அவனுடைய தளபதிகளே அவனைப் பிடித்துக் காவலில் போட்டார்கள். வெளியிலிருந்து சந்தாஜி, தனாஜி என்ற இரண்டு மராட்டிய வீரர்கள் வந்து முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள். 1693இல் ஜுல்பிகர் கான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவாசிக்குப் போக வேண்டியதாயிற்று. அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கம் கப்பம் வசூலிக்கப் போனார். பாதுஷா பொறுமை இழந்து கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதின பிறகுதான் கோட்டை மீது நிஜமாகக் கை வைத்தார். அதற்குள் ராஜாராம் பத்திரமாக வேலூர்ப் பக்கம் நழுவி, மகாராஷ்டிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். யாரைப் பிடிக்க எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தார்களோ, அவரைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது! தளபதிக்குத் தெரியாமலா தப்பியிருப்பார் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

இப்போது அந்த ஒரே ராத்திரிக்கு வருவோம்.

புதுச்சேரியில் புஸ்ஸி வீதியில் நடந்திருப்பீர்கள். அந்த புஸ்ஸிதான். 1750 செப்டம்பரில் அவருக்கு முப்பது வயசு வாக்கில் இருக்கும். நவாப் பதவிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த முகமது அலியின் படை, பிரெஞ்சுக்காரர்களிடம் உதை வாங்கி செஞ்சியில் வந்து ஒதுங்கியிருந்தது. துப்ளேக்ஸ், புஸ்ஸியை முன்னால் அனுப்பினார். வெளியே நின்ற படையைச் சிதற அடித்து, ஓடினவர்களைத் துரத்திக்கொண்டு போய், வாசல் கதவை வெடிமருந்து வைத்துத் தகர்த்து, ஊருக்குள் புகுந்துவிட்டார்கள். மூன்று மலையிலிருந்தும் சுடுகிறார்கள். தெருவில் பிரெஞ்சுப் படை. நிலா மறைகிறவரை காத்திருந்தார் புஸ்ஸி. இருட்டினதும் படையைப் பிரித்து மூன்று மலைக்கும் ஒரே நேரத்தில் ஏறச்சொன்னார். விடிந்தபோது மூன்று உச்சியும் பிரெஞ்சுக்காரர் கையில்!

விடிந்த பிறகுதான் அவர்களே சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார்கள். 'இதன் மேலேயா ஏறினோம்?' என்று அவர்களுக்கே நம்பிக்கை வரவில்லையாம். பகலில் பார்த்திருந்தால் ஏறியிருக்க மாட்டார்கள் என்பது வாத்தியார் கட்சி. எனக்கு வேறு ஒன்று தோன்றியது. மேலே இருந்தவர்கள் அன்றுதான் கீழே தோற்றுப்போன படையின் ஆட்கள். மனசு விட்டுப்போனவன் கையில் பாறை இருந்தாலும் உருட்ட மாட்டான். பிளவின் மேல் கிடந்த பாலத்தை இழுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

பிடித்தது லேசு. குடியிருந்ததுதான் கஷ்டம். செஞ்சி அந்தக் காலத்தில் காய்ச்சலுக்குப் பேர்போன ஊர். நூறு பேருக்கு மேல் இங்கே ஐரோப்பியச் சிப்பாய்களை வைத்துக்கொள்ளாத பிரெஞ்சுக்காரர்கள், பத்து வருஷத்தில் 1,200 பேரைப் பறிகொடுத்தார்கள் என்று ராபர்ட் ஆர்ம் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் கணக்குச் சொல்கிறார். பீரங்கி செய்யாததைக் கொசு செய்தது.

1761இல் இங்கிலீஷ்காரர்கள் முறை. புதுச்சேரி விழுந்துவிட்டது. செஞ்சியில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் காவலுக்கு இருந்த தளபதியின் பெயர் மெக்ரெகர். பெயரே சொல்கிறது, பூர்வீகம் ஸ்காட்லாந்து என்று. கேப்டன் ஸ்டீபன் ஸ்மித், சரணடையச் சொல்லித் தூது அனுப்பினார். 'லட்சம் பேரோடு வந்தாலும் மூன்று வருஷத்துக்குள் உன்னால் பிடிக்க முடியாது' என்று மெக்ரெகர் ஜம்பமாகப் பதில் சொல்லி அனுப்பினார். சொன்னது ஜனவரியில். கோட்டையைக் கொடுத்தது ஏப்ரல் 5ஆம் தேதி. மூன்று வருஷம் என்றது மூன்று மாசமாகிவிட்டது. கௌரவமான நிபந்தனைகளோடு வெளியேறினார். கர்நாடகத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கதை அதோடு முடிந்தது. (1780இல் ஹைதர் அலியும் வந்து கொஞ்ச காலம் வைத்திருந்தார். வெயிட்டிங் ரூம் நாற்காலி என்றேனே!)

மெக்ரெகரின் முன்னோர் நாட்டில் மலைக்கோட்டைக்குப் பஞ்சமில்லை. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்தில் பிக்ட் என்றொரு ஜனம் இருந்தது. குன்று உச்சியில் கல்லை அடுக்கிக் கோட்டை கட்டி வாழ்ந்தவர்கள். அவர்கள் எழுதி வைத்தது அனேகமாக எதுவும் மிச்சமில்லை. 683இல் டண்டர்ன் என்ற அவர்கள் கோட்டை முற்றுகைக்கு ஆளானது என்று அயர்லாந்து ஆண்டுக் குறிப்பில் ஒரு வரி. யார், ஏன், எத்தனை நாள்... ஒன்றும் கிடையாது. அபர்டீன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2020இல் டாப் ஓ நாத் என்ற குன்றில் சுமார் 800 குடிசைகளின் தடத்தைக் கண்டுபிடித்தபோதுதான் அங்கே ஒரு ஊரே இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது. பர்க்ஹெட் என்ற இன்னொரு கோட்டை, கடலோரத்தில். அங்கே காளை உருவம் செதுக்கின கற்கள் முப்பது வரை கிடைத்தனவாம். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் துறைமுகமும் ஊரும் கட்டுகிற ஜோரில் கோட்டையில் பாதிக்கு மேல் காலி. இன்று மிச்சம் ஆறே ஆறு காளைகள்.

இதைக் கேட்டு 'அடப்பாவிகளா' என்று சொல்லுமுன், புதுச்சேரி கடற்கரைக்குப் போய் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைப் பாருங்கள். நுணுக்கமான வேலைப்பாடு. எல்லோரும் அதில் சாய்ந்துகொண்டு சுண்டல் சாப்பிடுகிறோம். அவை செஞ்சியிலிருந்து போனவை. கீழ்க்கோட்டையில் வேங்கடரமணர் கோயில் இருக்கிறது, நல்ல பெரிய கோயில். அங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். போர் வந்தால் கோட்டை தப்பிவிடும். கட்டட வேலை வந்தால்தான் கஷ்டம்.

நடுவில் ஒருத்தரை விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன். இந்த வரிசையில் சேராத ஆள் அவர்.

ராஜா தேசிங்கு.

1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நிஜப் பெயர் தேஜ் சிங். தமிழனில்லை, பந்தேல்கண்டத்து ராஜபுத்திரப் பையன். மொகலாயர்கள் கோட்டையை ஒப்படைத்திருந்த ஸ்வரூப் சிங்கின் மகன். அப்பா 1714இல் இறந்ததும் வடக்கேயிருந்து மனைவியோடு வந்து உட்கார்ந்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் 'கப்ப பாக்கி எங்கே?' என்றார். 'பாதுஷா எங்கள் குடும்பத்துக்குத் தந்தது, உனக்கேன் தர வேண்டும்?' என்பது பையனின் பதில். நவாப் பல ஆயிரம் பேரோடு வந்தார்.

எட்டு வருஷம் தாங்கின கோட்டை. சுனை இருக்கிறது, நெல் இருக்கிறது, இழுத்துவிடப் பாலம் இருக்கிறது. பாலத்தை எடுத்துவிட்டு மேலே போய் உட்கார்ந்திருந்தால் நவாப் கீழே குளிர்காய்ச்சலில் படுத்திருப்பார். தேசிங்கு என்ன செய்தான்? சில நூறு பேரோடு குதிரையேறி, வெள்ளம் போன ஆற்றைக் கடந்து, வெளியே போனான். 1714 அக்டோபர் 3. அன்றைக்கே செத்தான். வயசு 22. ராஜாவாக இருந்தது பத்தே மாசம்.

"முட்டாள்தனம் இல்லையா?" என்றேன். உச்சியில், பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நல்ல காற்று.

வாத்தியார் உடனே பதில் சொல்லவில்லை. வேர்க்கடலைத் தோலைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நான் சின்னப்பையனா இருக்கச்சே அனந்தபுரத்துல திருவிழான்னா தேசிங்கு ராஜன் கூத்து விடிய விடிய நடக்கும். மோவுத்துகாரன்னு அவன் சிநேகிதன், துலுக்கப் பையன். அவனுக்கு அன்னைக்குக் கல்யாணம். தேசிங்கு சண்டைக்குப் போறான்னு ஓலை வந்ததும், மாலையக் கழட்டி வெச்சிட்டுக் குதிரை ஏறுவான். அந்த இடம் வரும்போது மணி ராத்திரி மூணு இருக்கும். தூங்கிக்கினு இருந்த ஜனம் அத்தனையும் எழுந்து உக்காரும். எங்க ஆயா முந்தானையால கண்ணைத் துடைச்சிக்கும். வருஷா வருஷம் அதே கதைதான், அவன் சாவப்போறான்னு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் 'போவாதடா'ன்னு மேடையப் பாத்துச் சொல்லும்."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "அந்தக் காலத்துல கூத்து பாக்க வந்தவங்க எல்லாம் கூலி ஜனங்க தம்பி. மேல இருந்துக்கினு வரி கேக்கிறவனுக்கு 'தரமாட்டேன்'னு ஒருத்தன் சொன்னான்ல? அதைப் பாக்க வந்தாங்க."

அவன் குதிரை நீலவேணிக்கும் மோவுத்துகாரனுக்கும் நீலாம்பூண்டியில் சமாதி இருப்பதாகச் சொல்கிறார்கள். செட்டிக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடை இருக்கிறது. அங்கேதான் தேசிங்கை எரித்தார்கள், அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்று ஊர் சொல்கிறது. ராணிப்பேட்டை என்ற பெயரே அவள் நினைவாக நவாப் வைத்தது என்பார்கள். ஜெயித்த நவாப் 1717 வாக்கில் கோட்டைக்குள் கட்டின அழகான மசூதி இன்றும் நிற்கிறது. அங்கே நின்று போட்டோ எடுக்கிறவர்கள் கைடிடம் கேட்கிற முதல் கேள்வி, "தேசிங்கு ராஜா அரண்மனை எங்க சார்?"

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தனியாக இல்லை. 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்முடையது. செய்தி வந்தபோது எனக்கு சந்தோஷம்தான். அந்தத் தலைப்பு பொய்யும் இல்லை, ராஜாராமின் தலைநகராயிற்றே. வாத்தியாருக்கும் சந்தோஷம். ஆனால் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்.

"1677லேருந்து 98 வரைக்கும். இருபத்தோரு வருஷம். வீடு கட்டினவன் ஒருத்தன், மாடி எடுத்தவன் ஒருத்தன், இருபத்தோரு வருஷம் குடியிருந்தவன் ஒருத்தன். வாசல்ல குடியிருந்தவர் பேரு மட்டும் போட்டா, கட்டினவன் பேரு எங்க போவுது? நான் வேணாங்கல. கோனார் பேரையும் நாயக்கர் பேரையும் பக்கத்துல பெருசா எழுதட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. உலகம் முழுக்கப் பேர் கிடைத்துவிட்டது. இனிமேல் ஜெர்மன்காரரும் ஜப்பான்காரரும் வருவார்கள். அவர்கள் படிக்கப்போகிற பலகையில் ஆனந்தக் கோனிலிருந்து ஹைதர் வரை அத்தனை பேருக்கும் ஒரு வரியாவது வேண்டும். பத்து மாசக்காரன் தேசிங்குக்கு இரண்டு வரி தரலாம். இது என் சிபாரிசு.

பலகை இருக்கட்டும். அதைவிட நிறைய எழுத்து சுவர்களில் இருக்கிறது. களஞ்சியத்துக்குள், கல்யாண மஹால் படியில், உச்சியில் ரங்கநாதர் கோயில் பக்கத்தில்கூட, எல்லா எழுத்தும் நம் இளைஞர்கள் உபயம். இதயம், அம்பு, இரண்டு பேர். செஞ்சியை 1921இல் தேசியச் சின்னமாக்கித் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. நானூறு வருஷச் சுண்ணாம்புப் பூச்சை ஆணியால் கீறிய ரமேஷ்களையும் சுரேஷ்களையும் அந்தத் துறையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு பேரின் மேல் இன்னொரு கையெழுத்தில் 'கல்யாணம் ஆயிடுச்சு, வேற ஆள்' என்று பின்குறிப்பு வேறு. சிரிப்பு வந்தது என்னவோ நிஜம். அந்தப் பூச்சு திரும்ப வராது என்பதும் நிஜம்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாறை தோசைக்கல். மதியத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், காலி பாட்டில் திரும்பக் கீழே வரவேண்டும். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள், குரங்குகள் வழிப்பறியில் கெட்டிக்காரர்கள். பிளவின் ஓரத்தில் வீரம் காட்ட வேண்டாம். அமாவாசை அன்று வேண்டவே வேண்டாம், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் செஞ்சி பஸ் எதிலும் கால் வைக்க முடியாது. இன்னும் தெம்பிருந்தால் பக்கத்தில் சிங்கவரம் போங்கள். குடைவரையில் ரங்கநாதர் படுத்திருக்கிறார், நீளம் 24 அடி. தேசிங்கின் குலதெய்வம். சண்டைக்குப் போகட்டுமா என்று அவன் கேட்டபோது 'வேண்டாம்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க்கதை. முகம் இன்னும் அப்படியே திரும்பித்தான் இருக்கிறது என்று காட்டுவார்கள்.

இறங்கும்போது அந்த ஐ.டி. பையன்கள் ஐந்து பேரும் பிளவுப் பாலத்தில் எதிரே வந்தார்கள். "அங்கிள், மேல என்ன இருக்கு? ஏறினா வொர்த்தா?" என்று ஒருத்தன் வாத்தியாரைக் கேட்டான்.

"ஒரு பீரங்கி இருக்கு. நல்ல காத்து இருக்கு" என்றார் அவர். "அப்புறம் ஒரு கதை இருக்கு. அதுக்கு நான் திரும்ப ஏறி வரணும். வரட்டுமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்.